தீர்ப்பு ஏழையின் காதிலும் விழட்டும்!

சேலத்தைச் சேர்ந்த ஒரு நிலமற்ற விவசாயத் தொழிலாளி வறட்சியால் வேலை இழந்து 1961-ம் வருஷம் பம்பாய்க்குப் போனார். தஹிசாரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் நாள் கூலி 23 ரூபாய்க்கு வேலை கிடைத்தது. குடியிருக்க இடம்? நெடுஞ்சாலை ஓரத்து நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கான்வாஸும் கட்டிய ஒரு மறைப்பு. அதற்கும் அந்த இடத்துத் தாதா ஒருவன் அவரிடமிருந்து 2,500 ரூபாய் பறித்துக் கொண்டான். மனைவியும் மூன்று பெண்களும் அதற்குள்தான் வாழ்ந்தார்கள். 1981 ஜூலை 23-ந் தேதி மாநகராட்சி அதிகாரிகள் வந்து அதைப் பிய்த்தெறிந்தார்கள். குடும்பத்தோடு அவரைச் சேலம் போகும் பஸ்ஸில் ஏற்றினார்கள். மனைவி மக்களைச் சேலத்தில் விட்டுவிட்டு அவர் மறுபடியும் பம்பாய்க்கே திரும்பினார். ஏன்? வேலை அங்கேதான் இருந்தது.

இது எந்த எழுத்தாளரின் கற்பனையும் அல்ல. 1985 ஜூலை 10-ந் தேதி தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையில் ஐந்து நீதிபதிகள் வழங்கிய சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பில் பதிவான வாழ்க்கை இது. ஒல்கா டெல்லிஸ் வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் இதைப் பாடமாக நடத்துகிறார்கள். உயிர் வாழும் உரிமை என்றால் அதில் பிழைப்புக்கான உரிமையும் அடக்கம் என்று இந்தத் தீர்ப்பில்தான் கோர்ட்டு சொன்னது.

சேலத்துத் தொழிலாளியின் வயிற்றுப்பாட்டிலிருந்து பிறந்த தீர்ப்பு இது. இன்று சேலத்தில் எத்தனை தொழிலாளிக்கு இது தெரியும்? புதுவையில் எத்தனை பேருக்குத் தெரியும்? வக்கீலுக்குத் தெரியும், நீதிபதிக்குத் தெரியும், பரீட்சை எழுதும் மாணவனுக்குத் தெரியும். யாருடைய வாழ்க்கை அதில் எழுதப்பட்டிருக்கிறதோ அவருக்கு மட்டும் தெரியாது. இது என்ன நியாயம்?

வாசித்துக் காட்டும் தொண்டர்கள்

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2005-ம் வருஷம் கனடாவில் மாண்ட்ரீல் நகரத்தைச் சேர்ந்த ஹியூ மெக்குவையர் என்பவர் 'லிப்ரிவாக்ஸ்' என்ற ஒரு முயற்சியைத் தொடங்கினார். பதிப்புரிமை முடிந்துபோன, யாருக்கும் சொந்தமில்லாத நூல்களைத் தொண்டர்கள் தங்கள் வீட்டிலிருந்தபடியே வாய்விட்டு வாசித்துப் பதிவு செய்கிறார்கள். சம்பளம் கிடையாது. கேட்பவருக்குக் கட்டணம் கிடையாது. பதிவான குரலுக்கும் யாரும் உரிமை கொண்டாட முடியாது. பல்லாயிரம் ஒலிநூல்கள் இப்படிச் சேர்ந்திருக்கின்றன. தமிழ்க் குரல்களும் அங்கே உண்டு.

நாவலும் கவிதையும் மட்டும் அவர்கள் வாசிக்கவில்லை. அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டின் முக்கியமான தீர்ப்புகளையும் வாசித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த நாட்டில் இதற்குத் தடை இல்லை. கோர்ட்டின் தீர்ப்புரைக்கு எவரும் தனியுரிமை கொண்டாட முடியாது என்று 1834-லேயே அந்தக் கோர்ட்டு சொல்லிவிட்டது.

நம் நாட்டில்? இங்கும் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவைப் பாருங்கள். கோர்ட்டுத் தீர்ப்பை மறுபடி வெளியிடுவது, அந்தக் கோர்ட்டே தடை செய்திருந்தாலொழிய, பதிப்புரிமை மீறல் ஆகாது என்று அதில் இருக்கிறது. 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தன் தீர்ப்புத் தொகுப்பையே கம்ப்யூட்டர் வழியே இலவசமாகத் திறந்து விட்டது. சரக்கு திறந்த வெளியில் கிடக்கிறது. எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ப்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

இது நமக்குப் புதிய வேலையா?

வாசித்துக் காட்டுவது உழைப்பாளி மக்களுக்கு அன்னியமான பழக்கம் அல்ல. கியூபாவில் 1865-ம் வருஷம் ஹவானா சுருட்டுத் தொழிற்சாலைகளில் இது தொடங்கியது. நூறு பேர் குனிந்து சுருட்டு உருட்டுவார்கள். ஒருவர் உயரமான இடத்தில் அமர்ந்து பத்திரிகையும் நாவலும் வாசிப்பார். அவருக்குக் கூலி கொடுத்தது முதலாளி அல்ல. தொழிலாளிகளே தங்கள் கூலியிலிருந்து பங்கு போட்டுக் கொடுத்தார்கள். மறு வருஷமே ஸ்பானிய கவர்னர் அதற்குத் தடை போட்டார். காதால் கேட்டே தொழிலாளி விவரம் தெரிந்துகொள்வான் என்பது அவருக்குப் புரிந்திருந்தது!

அவ்வளவு தூரம் போவானேன்? கண்ணூர் பீடித் தொழிலாளிகளும் இதையே செய்தார்கள். ஒருவர் பத்திரிகை வாசிக்க, மற்றவர்கள் பீடி சுற்ற, வாசித்தவரின் கணக்குக்கு மற்றவர்கள் பீடி சுற்றிக் கொடுத்தார்கள். நம் ஊர் டீக்கடைப் பெஞ்சில் ஒருவர் உரக்கப் படிக்க ஐந்து பேர் கேட்பது எத்தனை தலைமுறைப் பழக்கம்!

ஆகவே, வாசிப்பதற்கு ஆள் இல்லை என்றோ, கேட்பதற்கு ஜனங்களுக்குப் பொறுமை இல்லை என்றோ சொல்வது சரியல்ல. எதை வாசிப்பது என்பதில்தான் நாம் இதுவரை கோர்ட்டுத் தீர்ப்பைச் சேர்த்துக் கொள்ளவில்லை.

அன்று பிரெஞ்சு, இன்று இங்கிலீஷ்

புதுவை மக்களுக்கு இந்த விஷயம் மற்றவர்களை விட நன்றாகப் புரிய வேண்டும். நம் பாட்டன் காலத்தில் இங்கே கோர்ட்டு பேசியது பிரெஞ்சு. ஆலைத் தொழிலாளி கூண்டில் நிற்பான். தலைக்கு மேலே பிரெஞ்சில் வாதம் நடக்கும். பிரெஞ்சில் தண்டனை விழும். எத்தனை வருஷம் என்பதை யாராவது தமிழில் சொன்னால்தான் அவனுக்குத் தெரியும். 1936 ஜூலை 30-ந் தேதி இந்த ஊர் ஆலைத் தொழிலாளர்கள் 12 பேரைச் சுட்டுக் கொன்ற ஆட்சியின் மொழி அது. 1954 நவம்பர் 1-ந் தேதி அந்த ஆட்சி போயிற்று. தீர்ப்பு தமிழுக்கு வந்ததா? இல்லை. பிரெஞ்சு போன நாற்காலியில் இங்கிலீஷ் உட்கார்ந்தது.

அரசியல் சட்டத்தின் 348-வது பிரிவு சுப்ரீம் கோர்ட்டிலும் ஹைகோர்ட்டுகளிலும் இங்கிலீஷ்தான் என்கிறது. ஜனாதிபதியின் சம்மதத்தோடு மாநில மொழியையும் ஹைகோர்ட்டில் புகுத்தலாம் என்று அதே பிரிவு வழியும் காட்டுகிறது. அந்த வழியில் ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய நான்கு மாநில ஹைகோர்ட்டுகளில் இந்தி நுழைந்துவிட்டது. தமிழுக்கு என்ன ஆயிற்று? 2006 டிசம்பரில் தமிழ்நாடு சட்டசபை தீர்மானம் போட்டது. 2012 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் கூடி, தமிழுக்கும் வேறு சில மொழிகளுக்கும் வந்த கோரிக்கைகளை ஏற்பதில்லை என்று முடிவு செய்தார்கள். புதுவையும் சென்னை ஹைகோர்ட்டின் அதிகாரத்துக்கு உட்பட்டதுதான். ஆகவே நமக்கும் அதே கதி.

2019 முதல் சுப்ரீம் கோர்ட்டு சில தீர்ப்புகளை இந்திய மொழிகளில் பெயர்த்து வெளியிடுகிறது. முதலில் அறிவித்த மொழிகளின் பட்டியலில் தமிழ் இல்லை. எதிர்ப்பு எழுந்த பிறகுதான் தமிழ் சேர்ந்தது. வந்த மட்டும் நல்லதே. ஆனால் அந்த மொழிபெயர்ப்புகளின் அடியில் ஒரு குறிப்பு இருக்கிறது. இது வழக்காடுபவர் தன் மொழியில் புரிந்துகொள்வதற்காக மட்டுமே, இங்கிலீஷ் மூலமே செல்லுபடியாகும் என்பது அதன் சாரம். வழக்காடுபவர் மட்டும்தானா புரிந்துகொள்ள வேண்டும்? ஒரு தொழிலாளியின் வழக்கில் வந்த தீர்ப்பு நாடு முழுவதுமுள்ள தொழிலாளியைக் கட்டுப்படுத்துகிறதே! கட்டுப்படுகிறவனுக்கெல்லாம் அது புரிய வேண்டாமா?

2011 ஜனத்தொகைக் கணக்குப்படி புதுவையில் எழுத்தறிந்தவர்கள் சுமார் 86 சதவீதம். எழுத்துத் தெரியாததல்ல நம் கஷ்டம். தீர்ப்பு பேசும் மொழியும், அதன் நீளமும், அதை உட்கார்ந்து படிக்க நேரமில்லாத பிழைப்பும்தான் கஷ்டம். விடியற்காலையில் துறைமுகத்தில் ஐஸ் சுமக்கிறவரும், கரையில் வலையைச் செப்பனிடுகிறவரும் கையைப் பயன்படுத்துகிறார்கள், கண்ணைப் பயன்படுத்துகிறார்கள். காது சும்மா இருக்கிறது. சட்டைப் பையில் செல்போன் இருக்கிறது. பார்வையற்ற தோழர்களுக்கோ காதுதான் புத்தகம்.

பாதித் தீர்ப்பு பகையாகும்

"கோர்ட்டுல இன்னா சொன்னாங்க தோழர்?" தேங்காய்த்திட்டில் கட்சி வேலை செய்யும் என்னிடம் எந்தத் தீர்ப்பு வந்தாலும் மீனவர்கள் கேட்கும் கேள்வி இது. மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்தியவன் நான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் இரண்டு இரவு போய்விடும். அதற்குள் வாட்ஸ்அப்பில் நான்கு வரி ஊர் முழுக்கச் சுற்றி வந்துவிடும். அந்த நான்கு வரியில் பாதி உண்மையாக இருக்கும். பாதி உண்மை முழுப் பொய்யைவிட ஆபத்து.

ஒல்கா டெல்லிஸ் தீர்ப்பையே எடுத்துக் கொள்ளுங்கள். பிழைப்பு ஓர் உரிமை என்ற முதல் பகுதி எல்லா மேடையிலும் கேட்கிறது. கடைசிப் பகுதி? நடைபாதைக் குடிசையை முன்னறிவிப்புக் கொடுத்து அகற்றலாம், ஆனால் மழைக்காலம் முடிந்து 1985 அக்டோபர் 31 வரை கை வைக்கக் கூடாது, 1976-ல் கணக்கெடுத்து அட்டை கொடுத்தவர்களுக்கு மாற்று இடம் தர வேண்டும் என்று அது போகிறது. உரிமை என்று சொன்ன அதே தீர்ப்பு, அகற்றவும் வழி விட்டது. இதை முழுதாகக் கேட்டவன் ஏமாற மாட்டான். முன்னறிவிப்பு எங்கே, மாற்று இடம் எங்கே என்று புல்டோசருக்கு முன்னால் நின்று கேட்கத் தெரிந்தவனாக இருப்பான்.

கடலோர மக்களுக்கு இதைவிட நெருக்கமான தீர்ப்பு ஒன்று உண்டு. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-ந் தேதி வந்தது. கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் உள்ள இறால் பண்ணைகளை அகற்ற வேண்டும், விளைநிலத்தையும் உப்பளத்தையும் சதுப்புக் காட்டையும் கிராமப் பொது நிலத்தையும் இறால் குட்டையாக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. அதோடு நிற்கவில்லை. மூடப்படும் பண்ணைகளின் தொழிலாளிக்கு ஆட்குறைப்பு நஷ்ட ஈட்டுக்கு மேல் ஆறு வருஷக் கூலியும் கொடுக்கச் சொன்னது! எத்தனை தொழிலாளி இதைத் தெரிந்து கேட்டு வாங்கியிருப்பான்? பிறகு 2005-ல் பார்லிமெண்டு தனிச் சட்டம் போட்டு, பதிவு செய்துகொண்டு கரையோரத்தில் பண்ணை நடத்த வழி திறந்துவிட்டது. தீர்ப்பு வந்ததும் தெரியாமல், அதன் பல்லைப் பிடுங்கியதும் தெரியாமல் கரையில் ஜனங்கள் இருந்தால் யாருக்கு லாபம்?

இன்னொன்று. சாக்கடையில் இறங்கி இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும், 1993 முதல் இறந்த எல்லோருக்கும் இது பொருந்தும் என்று 2014 மார்ச் 27-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. 2023 அக்டோபர் 20-ந் தேதி அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணிடம் காண்டிராக்டர் சில ஆயிரத்தை நீட்டிக் கைநாட்டு வாங்க வரும்போது, இந்த ஒரு விவரம் அந்தப் பெண்ணின் காதில் முன்பே விழுந்திருந்தால்? பேரமே வேறு விதமாக இருக்கும்.

பாதகமானவையும் கேட்க வேண்டும்

நமக்குச் சாதகமான தீர்ப்பை மட்டும் பொறுக்கி வாசித்தால் அது விளம்பரமாகுமே தவிரக் கல்வியாகாது.

1968 டிசம்பர் 25-ந் தேதி கீழ்வெண்மணியில் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கீழ்க் கோர்ட்டில் தண்டனை பெற்ற மிராசுதார்களை 1973-ல் சென்னை ஹைகோர்ட்டு விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் அளவுக்கு வசதி படைத்தவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற அந்தத் தீர்ப்பின் வாதத்தை நம் இளைஞர்கள் காதால் கேட்க வேண்டும். நூறு மேடைப் பேச்சு சொல்லாததை அது சொல்லும்.

2003-ல் தமிழ்நாடு சர்க்கார் வேலைநிறுத்தம் செய்த சுமார் 1,70,000 ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. அது தொடர்பாக டி.கே. ரங்கராஜன் தொடுத்த வழக்கில் அந்த ஆகஸ்டு 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, சர்க்கார் ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய உரிமையே இல்லை என்றது. சங்கத்தில் சேரும் ஒவ்வொரு வாலிபனும் அதை முழுதாகக் கேட்க வேண்டும். எதிரே இருக்கும் சுவரின் உயரம் தெரிந்தால்தான் ஏணி செய்ய முடியும்.

தோற்ற வழக்கிலும் விதை உண்டு. தோழர் ஏ.கே. கோபாலன் விசாரணையில்லாச் சிறைவாசத்தை எதிர்த்துப் போட்ட வழக்கு 1950 மே 19-ந் தேதி தோற்றது. ஆனால் நீதிபதி பசல் அலி மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். இருபது வருஷம் கழித்து 1970-லும், பிறகு 1978-லும், சுப்ரீம் கோர்ட்டு அவர் நின்ற பக்கத்துக்கே நகர்ந்து வந்தது. இதையெல்லாம் கேட்கிறவன் சட்டம் கல்லில் செதுக்கியதல்ல, மனிதர்கள் மோதி நகர்த்துவது என்று தெரிந்துகொள்வான்.

தீர்ப்பைப் பற்றிப் பேசினால் கோர்ட்டு அவமதிப்பு ஆகிவிடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். முடிந்துபோன வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிப்பது அவமதிப்பு ஆகாது என்று 1971-ம் வருஷத்து அவமதிப்புச் சட்டத்தின் 5-வது பிரிவே சொல்கிறது. அப்படியிருக்க, உள்ளதை உள்ளபடி வாசிப்பதில் என்ன பயம்?

ஆட்சேபங்கள்

"வாசிப்பதற்கு மெஷின் வந்துவிட்டதே, மனிதன் எதற்கு?" என்கிறார்கள் சிலர். மெஷின் வாசிக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் மெஷின் செய்யும் மொழிபெயர்ப்பில் ஓர் 'இல்லை' விழுந்துபோனால் உத்தரவே தலைகீழாகிவிடும். அதற்கு யார் பொறுப்பு? வாய்விட்டு வாசிக்கும் மனிதன் புரியாத இடத்தில் நிற்கிறான், கேட்கிறான், தெரிந்துகொள்கிறான். பத்துத் தீர்ப்பு வாசித்து முடித்த ஒரு மாணவி அந்தத் தெருவுக்கே துணையாகிவிடுவாள். இந்த வேலையின் பாதிப் பலன் வாசிக்கிறவருக்கே சேருகிறது.

"தீர்ப்புகள் நூற்றுக்கணக்கான பக்கம், யார் கேட்பார்கள்?" உண்மைதான். ஆகவே வழக்கின் சம்பவம், கோர்ட்டின் முன் வந்த கேள்வி, கொடுத்த பதில், காரணம், இறுதி உத்தரவு என்று பிரித்து, அரை மணி நேரப் பகுதிகளாகப் பதிவு செய்யலாம். முழுதும் கேட்க விரும்புகிறவர் முழுதும் கேட்கட்டும்.

"கோர்ட்டை நம்பிக்கொண்டு ஜனங்கள் போராட்டத்தை விட்டுவிட மாட்டார்களா?" இது தோழர்களே கேட்கும் கேள்வி. வாச்சாத்தியைப் பாருங்கள். 1992 ஜூன் 20-ந் தேதி அந்த மலையடிவாரக் கிராமத்தில் நடந்த அட்டூழியத்துக்கு 2011 செப்டம்பர் 29-ந் தேதி தர்மபுரி கோர்ட்டில் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று முடிவாயிற்று. 2023 செப்டம்பர் 29-ந் தேதி ஹைகோர்ட்டு அதை உறுதி செய்தது. பாலியல் வன்முறைக்கு ஆளான 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பு தானாக வரவில்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் மாதர்களும் வக்கீல்களும் 31 வருஷம் விடாமல் நின்றதால் வந்தது. அதைக் கேட்கிறவன் கோர்ட்டு வாசலில் கை கட்டி நிற்கக் கற்றுக்கொள்ள மாட்டான். விடாமல் நிற்கக் கற்றுக்கொள்வான்.

செய்ய வேண்டியது

வேலை பெரிதல்ல. ஒழுங்குதான் முக்கியம். முதலில் பத்துத் தீர்ப்பு போதும். கோர்ட்டே வெளியிட்ட தமிழ் இருந்தால் அதை வாசிக்கலாம். இல்லாவிட்டால் சட்டம் தெரிந்த இருவர் பார்த்துத் திருத்திய தமிழில் வாசிக்க வேண்டும். எந்தக் கோர்ட்டு, என்ன தேதி, எத்தனை நீதிபதிகள் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். பின்னால் வந்த தீர்ப்போ சட்டமோ அதை மாற்றியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். சுருக்கிய இடத்தைச் சுருக்கியது என்று அறிவிக்க வேண்டும். சொந்த அபிப்பிராயத்தை நடுவில் நுழைக்கக் கூடாது. அதற்கு வேறு மேடை இருக்கிறது. பாலியல் குற்றத்துக்கு ஆளானவர்களின் பெயரோ அடையாளமோ எங்கும் வரக்கூடாது. அது சட்டம், அதற்கு மேல் மனிதத்தன்மை. ஒருவர் வாசித்ததை இன்னொருவர் மூலத்தை வைத்துக்கொண்டு கேட்டுச் சரிபார்க்க வேண்டும். லிப்ரிவாக்ஸிலும் ஒருவர் வாசித்ததை இன்னொருவர் கேட்டுப் பார்க்கிறார்.

யார் செய்வது? ரிட்டயரான பள்ளி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய குரல் நாற்பது வருஷம் வகுப்பறையில் பழகியது. சட்டக் கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள். சங்கங்களில் நல்ல வாசிப்புத் தோழர்கள் இருக்கிறார்கள். நூலகத்தில் ஓர் அமைதியான மூலையும், ஒரு செல்போனும், வாரத்துக்கு இரண்டு மணி நேரமும் போதும். ஒரு கட்சிக்கென்று இது வேண்டியதில்லை. எந்தக் கட்சிக்காரரும் வாசிக்கலாம், எந்தக் கட்சியும் இல்லாதவரும் வாசிக்கலாம். கேட்பவர் யார் என்று செல்போன் கேட்பதில்லை.

இதைச் சொல்லும்போதே சர்க்காரையும் கோர்ட்டையும் நாம் விட்டுவிடவில்லை. ஹைகோர்ட்டில் தமிழ் வேண்டும் என்ற கோரிக்கை நிற்கிறது. முக்கியத் தீர்ப்புகளைத் தமிழில் உடனுக்குடன் வெளியிட வேண்டியதும், அதை வானொலியிலும் நூலகத்திலும் மக்களுக்குச் சேர்க்க வேண்டியதும் அவர்கள் கடமை. தொண்டர்களின் வேலை அந்தக் கடமைக்கு மாற்று அல்ல. அந்தக் கடமையை அவர்களுக்கு நினைவூட்டிக் கொண்டே இருக்கும் குரல் அது.

சட்டம் தெரியாது என்று சொல்லி எவரும் தப்ப முடியாது என்கிறது கோர்ட்டு. நல்லது. அப்படியானால் சட்டத்தைத் தெரிந்துகொள்ளும் வழி எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். அந்தக் கதவைத் திறக்கும் வேலையைத் தேங்காய்த்திட்டில் நாலு பேர் சேர்ந்தால் தொடங்கிவிடலாம். வாசிக்கத் தெரிந்தவர்கள் முன்வரட்டும்!